பவானியில பார்ஜ் உடப்போற பேராண்டிக்கு

வா சாமி, உக்காரு. காரை அந்த வேப்பமரத்தடியில நிறுத்துனயே, காக்கா எச்சம் போட்டா என்னையக் கேக்கப்படாது. மோர் குடிக்கறயா? உங்கம்மா காலையிலேயே போன் பண்ணிட்டா. "பையன் என்னமோ ஆத்துல கப்பல் உடறேங்கறான், மொதல்ல அப்புச்சிகிட்டக் காட்டு, அப்புறமேட்டிக்கு உங்கப்பாகிட்டச் சொல்லுன்னு அனுப்பியிருக்கறேன்"னா. உங்கப்பன்கிட்ட நேராச் சொன்னா அவன் செருப்பைத் தேடுவான்னு அவளுக்குத் தெரியும். எனக்கு 80 வயசாச்சு, குனிஞ்சு செருப்பெடுக்க முடியாதுங்கற தைரியத்துல நீ இங்க வந்திருக்கறே.

லேப்டாப்பைத் தொற. அட அட அட! நீலக்கோடு என்ன அழகு! பவானிசாகர்ல ஆரம்பிச்சு, கூடுதுறையில காவிரியில கலந்து, கரூரு, திருச்சி, கொள்ளிடம், அக்கட்ட கடல். கோட்டு மேல சின்னச் சின்னக் கப்பல் பொம்மை வேற. திருப்பூர்ல இருந்து பனியன் பெட்டி லாரியில பவானிக்கு வருமாம், அங்க பார்ஜ்ல ஏறுமாம், மிதந்துக்கிட்டே போய் கப்பலேறுமாம். டீசல் மிச்சம், டோல்கேட் மிச்சம், புகை மிச்சம். மிச்சம் மிச்சம்னு நீ எழுதியிருக்கறதைப் படிச்சா ஆத்துல தண்ணி ஒண்ணுதான் மிச்சமில்லாமப் போச்சு சாமி.

"இது தேசிய நீர்வழி எண் 20 அப்புச்சி, அரசாங்கமே அறிவிச்சது"ங்கறே. நானும் பேப்பர் படிக்கறவன்தான். 2016-ல டெல்லியில ஒரு சட்டம் போட்டாங்க. அதுக்கு முன்னால நாடு பூராவுக்கும் 5 நீர்வழிதான். ஒரே சட்டத்துல 106 சேர்த்து 111 ஆக்கிப்போட்டாங்க. காதுகுத்துல மொய் எழுதறவன்கூட அத்தனை பேரை அத்தனை வெசையா எழுதமாட்டான். நம்ம பவானிக்கு 94 கிலோமீட்டர் போட்டு 20-ஆம் நம்பர் குடுத்தாங்க. காவிரி-கொள்ளிடத்துக்கு 55. பாலாறு 75, வைகை 107. பாலாத்துல பார்ஜ் உடறதுன்னா மொதல்ல மணல் லாரிக்காரன்கிட்ட வழி கேக்கோணும். வைகையில அழகரு எறங்கறதுக்கே அணையில இருந்து தனியாத் தண்ணி தொறந்து உடறாங்க. நம்ம நொய்யலை மட்டும் ஏனோ உட்டுட்டாங்க. உட்டதும் நல்லதுதான். வெள்ளியங்கிரி மலையில பொறந்து வந்த ஆத்துல நாம சாயத்தண்ணியைக் கலந்து, 1992-ல பாசனத்துக்குன்னு கட்டுன ஒரத்துப்பாளையம் அணையை அந்தத் தண்ணிக்கே தொட்டியாக்கி, கடைசியில 2011-ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதையெல்லாம் உனக்குத் தெரியும். அந்த ஆத்துக்குப் போய் நம்பர் குடுத்தா, நம்பருக்கும் சாயம் ஏறியிருக்கும்.

சட்டத்துல பேர் ஏறுனா ஆத்துல தண்ணி ஏறுமாடா கண்ணு? ரேஷன் கார்டுல பேர் இருக்கறவனெல்லாம் ஊட்டுல இருக்கறானா?

சரி, மழை பேஞ்சு தண்ணி வந்துருச்சுன்னே வெச்சுக்குவோம். நீ பவானிசாகர்ல கெளம்பறே. மொதல்ல வரும் கொடிவேரி. ஞாயித்துக்கெழமையானா அணை மேல இருந்து கொட்டற தண்ணியில ஊரே குளிச்சுக்கிட்டு நிக்கும், மீன் வறுவல் வாசம் அரை மைலுக்கு வரும். உன்ற பார்ஜ் அந்த அணையைத் தாண்டோணும்னா குளிக்கறவன் தலை மேலதான் எறங்கோணும். அதுக்கு அக்கட்ட கூடுதுறைக்குக் கிட்ட காளிங்கராயன் அணை. 13-ஆம் நூத்தாண்டு வேலை. நதி இணைப்பு நதி இணைப்புன்னு டிவியில கத்தறாங்களே, பவானித் தண்ணியைக் கொண்டாந்து நொய்யல்ல சேர்க்கறதை நம்ம சீமைக்காரன் அன்னைக்கே மண்வெட்டியில செஞ்சு முடிச்சுட்டான். பாம்பு போன தடத்துலயே வாய்க்கா வெட்டுனாங்கன்னு கதை சொல்லுவாங்க, அத்தனை வளைவு அதுல. வளைஞ்சு போனாத்தான் தண்ணி நின்னு நிதானமாப் போகும், ரெண்டு பக்கமும் பாயும். அந்த வழியா நொய்யலுக்கே வந்தரலாம்னு நீ நெனைக்காதே, உன்ற பார்ஜ் பாம்பில்லை, இரும்புப் பெட்டி.

காவிரிக்குப் போனா, ஈரோட்டுலயே வெண்டிபாளையம் கதவணை. கரூருக்குக் கீழ மாயனூர். அப்புறம் முக்கொம்பு. 2018 ஆகஸ்டுல வந்த வெள்ளத்துல அங்க கதவே அடிச்சுட்டுப் போச்சே, அந்த முக்கொம்புதான். ஒவ்வொரு எடத்துலயும் பார்ஜை மேல இருந்து கீழ எறக்க ஒரு தண்ணித் தொட்டி வேணும். ஒரு பக்கம் கதவைச் சாத்தி, தண்ணியை வடிச்சு, மறுபக்கம் தொறக்கற அந்த லாக்கு. கங்கையில ஃபரக்காவுல இருக்குது. நம்மூர் அணைக்காரன் நெல்லை நெனைச்சுக் கட்டுனான், கப்பலை நெனைச்சுக் கட்டல. கங்கையில மூணு மீட்டர் ஆழம், மேல போகப் போக ரெண்டேகால் மீட்டராவது வேணும்னு மண்ணை வாரிக்கிட்டே இருக்கறாங்க. ஆழம்னா ஒருக்கா தோண்டிப்போட்டு உடறதில்லை. ஊட்டுக் கூரை ஓட்டை மாத்தறாப்பல, வருஷா வருஷம் சோலி.

என்ன மூஞ்சி தொங்கிப்போச்சு? மோரைக் குடி. நான் பார்ஜுக்கு எதிரியில்லை. அதுல ஒரு நாள் உக்காந்தவன்.

1966. எனக்கு 21 வயசு. திருப்பூர்ல ஒரு கழிவுப்பஞ்சு யாவாரிகிட்டக் கணக்குப்புள்ளையா இருந்தேன். பேல் ஏத்துன லாரியில, பேல் மேலயே படுத்துக்கிட்டு தூத்துக்குடி போனேன். அப்ப இப்ப இருக்கற பெரிய துறைமுகம் இல்லை, அது 1974 ஜூலையிலதான் தொறந்தாங்க. பழைய துறைமுகத்துல கரையோரம் ஆழமில்லை. பெரிய கப்பல் கிட்ட வராது, பல மைல் தள்ளிக் கடல்ல நிக்கும். கண்ணுக்கு எறும்பாட்டத் தெரியும். கரையில இருந்து சரக்கை அங்க கொண்டுபோறது தோணி. வ.உ.சி. 1906-ல கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச ஊரு, ஆனா கப்பலுக்கும் கரைக்கும் நடுவால எல்லாத்தையும் சுமந்தது இந்தத் தோணிதான். நீ இப்ப இங்கிலீசுல பார்ஜ்ங்கறே, லைட்டர்ங்கறே. சோலி ஒண்ணுதான்: பெரியவன் வரமுடியாத எடத்துக்குச் சின்னவன் போறது.

தோணியை ஓட்டறவருக்குத் தண்டல்னு பேரு. எங்க பேலை ஏத்துன தண்டலு கருவாடாட்ட இருந்தாரு, வாயில எந்நேரமும் வெத்தலை. தோணி வயித்துல தார் பூசுன பலகை மேல வெள்ளைச் சுண்ணாம்புல ஒரு கோடு போட்டிருந்தாரு. பேல் ஏறஏற அந்தக் கோடு தண்ணியைப் பாத்து எறங்குது. கோடு நனையறதுக்கு நாலு விரக்கடை இருக்கறப்பவே "போதும்"னுட்டாரு. எங்க யாவாரி குதிக்கறாரு, "இன்னும் 10 பேல் இருக்குதுங்க, எடம் கெடக்குதே!" தண்டல் வெத்தலைச் சாத்தைத் துப்பிட்டு, "எடம் தோணியில இருக்கு, கடல்ல இல்லை"ன்னாரு. அந்த 10 பேல் கரையில நின்னுச்சு, மக்யா நாள்தான் போச்சு. யாவாரிக்கு 10 பேலுக்குக் கெடங்கு வாடகை. தண்டலுக்கு ஒரு தோணி மிச்சம்.

இன்னொண்ணு பாத்தேன். கப்பலுக்குக் கிட்டப் போனதும் ஒடனே ஏத்தல. எங்களுக்கு முன்னால நாலு தோணி நிக்குது. கப்பல்காரன் கொக்கியை யாருக்கு எறக்கறானோ அவனுக்குத்தான் முறை. வெயில்ல, அலையில ஆடிக்கிட்டே மத்தியானம் வரைக்கும் கெடந்தோம். நான் மூணு வாட்டி வாந்தி எடுத்தேன். தண்டல் தூங்குனாரு. எந்திரிச்சதும், "தம்பி, இந்தத் தொழில்ல ஓடற நேரம் கொஞ்சம், காத்துக் கெடக்கற நேரந்தான் நெம்ப"ன்னாரு. அவரு எங்க நம்ம ஊர் பாஷையில நெம்பன்னாரு, தூத்துக்குடிப் பாஷையில என்னமோ சொன்னாரு, நான் என்ற பாஷையில ஞாபகம் வெச்சிருக்கறேன்.

திரும்பறப்ப அவரு காலித் தோணியா வரல. பக்கத்துல நின்ன இன்னொரு கப்பல்ல கோதுமை மூட்டை ஏத்திக்கிட்டுத்தான் கரைக்குத் திரும்புனாரு. போறப்ப ஒரு கூலி, வரப்ப ஒரு கூலி. அதுக்கு மொதல் நாளே பேசி வெச்சிருந்தாரு. உன்ற திட்டத்துல 42 பக்கம் இருக்குது, நானும் எண்ணிட்டேன். பார்ஜ் திரும்பி வரப்ப என்ன ஏத்தறதுன்னு ஒரு வரி இருக்குதா? தேடிப்பாரு. தேடு.

இல்லையில்ல?

2018 நவம்பர்ல வாரணாசியில ஒரு நதித் துறைமுகம் தொறந்தாங்களே, பிரதமரே வந்தாரு. கல்கத்தாவுல இருந்து ஒரு குளிர்பானக் கம்பெனியோட 16 கன்டெய்னர் பார்ஜ்ல வந்து சேந்துச்சு. அக்டோபர் 30 கெளம்புனது நவம்பர் 12-ல வந்துச்சு. லாரிக்காரன் அதுக்குள்ள எத்தனை நடை அடிச்சிருப்பான்னு நீயே கணக்குப் போடு. ஆனா ஒண்ணு பாரு, திரும்பறப்ப உரம் ஏத்தறதுன்னு அவங்க ஏற்பாடு பண்ணிட்டுத்தான் வந்தாங்க. திறப்பு விழாவுக்கு வந்த பார்ஜுக்கே திரும்பற சரக்கு தேட வேண்டியிருக்குது, உன்றது தெனப்படி ஓடற பார்ஜு.

இப்ப உன்ற 17-ஆம் பக்கத்துக்கு வா. "ராட்டர்டாமைப் பாருங்கள்"னு எழுதியிருக்கறே. பாத்தேன் சாமி. என்ற தம்பி பேரன் அங்கதான ஒரு பையர் ஆபீஸ்ல இருக்கறான், வீடியோ கால்ல காட்டுனான். ஒரு பெரிய பார்ஜ்ல 200, 300 பெட்டி, தண்ணியில வாத்தாட்டப் போகுது. ரைன் ஆத்துல மேல ஜெர்மனிக்குள்ள, டூயிஸ்பர்க்னு உலகத்துலயே பெரிய உள்நாட்டுத் துறைமுகம் வரைக்கும், அதுக்கு அக்கட்டயும் போகுது. நாம திருப்பூர்ல தெச்ச டி-சர்ட்டு பெட்டியும் அதுல போகும். அடுத்த வாட்டி யாராச்சும் திருப்பூர்ச் சரக்கு பார்ஜ்ல போகாதுன்னா, போகுது, இங்க இல்லை, அங்கன்னு சொல்லு.

ஆனா அவனே சொன்னான் அங்கத்த பொழப்பை. ஒரு பார்ஜ் ராட்டர்டாமுக்கு வந்தா ஒரே எடத்துல எறக்கிட்டுப் போறதில்லை. அந்த டெர்மினல்ல 6 பெட்டி, இந்த டெர்மினல்ல 10 பெட்டி, இன்னொண்ணுல 4 பெட்டின்னு ஊரெல்லாம் சுத்தோணும். ஒவ்வொரு எடத்துலயும் கடல்ல இருந்து வர பெரிய கப்பலுக்குத்தான் மொதல் முறை. கிரேன் கை வெச்சா 20 நிமிஷ வேலை, அதுக்கு 8 மணி நேரம் காத்திருந்தான்னு வெச்சுக்கோ. ஒரு எடத்துல லேட்டானா அடுத்த எடத்துல வாங்கி வெச்ச முறையும் போச்சு. அதுக்கடுத்ததும் போச்சு. பந்தியில ஒருத்தன் எந்திரிக்கலன்னா அடுத்த பந்தி பூரா நிக்கறாப்பல. 2017-ல கப்பல் கம்பெனிகள் புதுசாக் கூட்டணி மாத்துன நேரம், அதோட டெர்மினல் கம்ப்யூட்டர்ல வைரஸ் வேற புகுந்துருச்சு. பார்ஜுகள் நாள் கணக்குல நின்னுச்சு.

ஏன் பார்ஜ்காரன் அதட்டிக் கேக்க முடியல தெரியுமா? டெர்மினல்காரனுக்குக் காசு குடுக்கறது கப்பல் கம்பெனி. பார்ஜ்காரனுக்கும் டெர்மினலுக்கும் நேர் ஒப்பந்தமே கெடையாது. உனக்குப் புரியறாப்பல சொல்றேன். நம்ம ஊர்ல பேட்லாக் மெஷின்ல தெக்கற ஜாப் ஒர்க்காரன் பிரிண்டிங் பட்டறை வாசல்ல டெம்போவை நிறுத்திக்கிட்டுக் கெடப்பான். கட் பீஸு உள்ள இருக்குது. பிரிண்டிங்காரனுக்குக் காசு குடுக்கறது எக்ஸ்போர்ட்டர். இவன் யாரு "என்றதை மொதல்ல போடு"ங்கறதுக்கு? இவன் பட்டறையில 20 டெய்லரு மெஷின் முன்னால உக்காந்து செல்போன் நோண்டிக்கிட்டு இருப்பாங்க, அந்தச் சம்பளம் இவன் தலையில. அந்த ஜாப் ஒர்க்காரனை இரும்புல செஞ்சு தண்ணியில மிதக்க உட்டா அதுதான் பார்ஜு.

அங்க என்ன பண்ணுனாங்க? நெசமா நெனைச்சுப் பாத்தா நம்ம மடை முறைதான். கீழ்பவானி வாய்க்கா 200 கிலோமீட்டர், 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே சமயத்துல தண்ணி உட முடியாது. அதனால ஒரு போகம் ஒத்தைப்படை மதகுக்கு, அடுத்த போகம் ரெட்டைப்படை மதகுக்கு. உன்ற முறை ராத்திரி 2 மணின்னா 2 மணிக்கு மண்வெட்டியோட வரப்புல நிக்கோணும். தூங்கிப்போனா தண்ணி அடுத்தவன் காட்டுக்கு. ராட்டர்டாம்லயும் ஆண்ட்வெர்ப்லயும் அதையேதான் கொண்டுவந்தாங்க: இன்ன கெழமை, இன்ன நேரம் உன்றதுன்னு நிலையான முறை. அந்த முறை வேணும்னா ஒரு வாட்டி வந்தா இத்தனை பெட்டியாவது இருக்கோணும், நாலு பெட்டிக்கு மடை தொறக்க மாட்டோம். அதனால சின்னச் சின்ன பார்ஜ்காரங்க அவங்கவங்க பெட்டியை ஒரு எடத்துல சேர்த்து, ஒரே பார்ஜ்ல கொண்டுபோக ஆரம்பிச்சாங்க. பங்காளிகள் சேந்து ஒரே வண்டியில கரும்பு அனுப்பறாப்பல.

நீ பங்காளிகளோட சேந்து எதை அனுப்பியிருக்கறே? பக்கத்துக் கம்பெனிக்காரன் எந்த பையருக்குத் தெக்கறான்னு தெரிஞ்சாலே கதவைச் சாத்திக்கற ஊரு இது. அவன் பெட்டியும் உன்ற பெட்டியும் ஒரே பார்ஜ்ல போகுமா?

தண்ணி மேட்டரும் ஒண்ணு இருக்குது. ரைன்ல காவுப்னு ஒரு ஊர்ல தண்ணி அளக்கற கோல் நட்டு வெச்சிருக்கறாங்க. 2018 அக்டோபர்ல அது 25 சென்டிமீட்டருக்கு வந்துருச்சு. ஆறே முழங்காலுக்குக் கீழன்னு நெனைச்சராதே. கோலுல 25-ன்னா கப்பல் போற தடத்துல அதுக்கு மேல ஒரு மீட்டர் ஆழம் இருக்கும். இருந்தாலும் கொறவுதான். பார்ஜ்காரன் பாதி, கால்பங்குதான் ஏத்துனான். கோல் எறங்குனா எத்தனை எச்சுக் கூலின்னு ஒப்பந்தத்துலயே எழுதி வெச்சிருக்கறாங்க, காவுப்புக் கோலைப் பாத்துத்தான் கூலி. வெள்ளம் வந்தா நல்லதுன்னு நெனைக்கறயா? தண்ணி ஏறுனா பார்ஜும் ஏறும், மேல அடுக்குன பெட்டி பாலத்துல முட்டும். இன்னும் ஏறுனா போக்குவரத்தையே நிறுத்திருவாங்க. எறங்குனா அடி தட்டும், ஏறுனா தலை தட்டும். ஆள் வெச்சு அளந்து, தெனமும் காலையில கணக்குப் போட்டு, எத்தனை அடுக்கு ஏத்தறதுன்னு முடிவு பண்றாங்க. எங்க தண்டலோட சுண்ணாம்புக் கோடுதான் அது, அவரு கூலிக்கு எச்சாக் கேக்கல, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

"அப்புச்சி, பங்களாதேஷ்காரன் ஆத்தை வெச்சுத்தான் நம்மளை முந்தறான்"னு ஒரு பக்கம் எழுதியிருக்கறே. அதைப் படிச்சுட்டுத்தான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

நாராயண்கஞ்ச்னு ஒரு ஊரு. ஷீதலக்‌ஷா ஆத்தங்கரை. அவங்க ஊர்த் திருப்பூர்னு வெச்சுக்கோ, பின்னலாடைக்கு அதுதான் தலைநகரம். அந்தக் காலத்துல சணல் யாவாரத்துக்குப் பேர்போன நதித் துறைமுகம். வாசல்ல ஆறு, ஆத்துல வருஷம் பூராத் தண்ணி, அணை கெடையாது, அக்கட்ட சட்டகாங் துறைமுகம். நீ கனவு காங்கறதெல்லாம் அவனுக்குக் கடவுளே குடுத்திருக்கறான். போதாக்கொறைக்கு 2013 நவம்பர்ல டாக்காவுக்குப் பக்கத்துல புரிகங்கா ஆத்தங்கரையில பான்காவ்னு கன்டெய்னருக்குன்னே ஒரு டெர்மினல் கட்டித் தொறந்தாங்க. வருஷத்துக்கு லட்சத்துக்கும் மேல பெட்டி கையாளலாம்னு கணக்கு.

கூட்டம் வரல. கப்பல் ஒழுங்கான தேதிக்கு ஓடல, கூலி ரோட்டை உடக் கொறவா இல்லை, சோதனையில நேரம் போகும்னு பயம்னு அங்கத்த பத்திரிகையே எழுதிச்சு. நாராயண்கஞ்ச் பனியன்காரன் என்ன பண்றான்? நம்மாட்டவே வேன்ல போட்டு ராத்திரியோட ராத்திரி சட்டகாங் ரோட்டுல அனுப்பறான், அங்க துறைமுகத்துக்கு வெளிய இருக்கற டெப்போவுல பெட்டியில அடுக்கறாங்க. அப்ப அந்த ஆறு சும்மாவா கெடக்குது? கெடக்கலை. நம்ம கல்கத்தாப் பக்கம் அனல்மின் நிலையத்துல எரிச்ச நிலக்கரிச் சாம்பலை ஏத்திக்கிட்டு பார்ஜு பார்ஜா அதே ஆத்துக்குப் போகுது. சிமெண்டு ஆலைக்கு. ரெண்டு நாட்டுக்கும் நடுவால 1972-ல இருந்தே ஆத்து வழி ஒப்பந்தம் இருக்குது, அதுல எச்சாப் போறது இந்தச் சாம்பல்தான்.

ஒரே ஊரு, ஒரே ஆறு. பனியன் ரோட்டுல போகுது, சாம்பல் ஆத்துல வருது.

ஏன்னு யோசி. சாம்பலுக்குக் கனம் எச்சு, அவசரம் கெடையாது. பத்து நாள் லேட்டா வந்தா சாம்பல் கெட்டுப்போகாது, சாம்பலுக்கு சீசனும் கெடையாது. உன்ற பனியன் பெட்டியைப் பாரு, 40 அடிப் பெட்டி கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி அடுக்குனாலும் எடை ஏறாது. பார்ஜோட பலமே கனத்தைத் தூக்கறது. நீ பஞ்சு மூட்டையைத் தூக்க யானை வாங்கறே. அவசரம் எப்பிடி? துறைமுகத்துல சரக்கு வாங்கற கட்-ஆஃப் சாயங்காலம் 6 மணின்னா, உங்க கம்பெனியில அன்னைக்குக் காலையில 4 மணிக்குத்தான் செக்கிங் முடியும். அதுக்கப்புறம் அயர்னிங், பேக்கிங். 300 சொச்சம் கிலோமீட்டரு, லாரி டிரைவரு டீக்கூடக் குடிக்காமப் போறான். அதுலயும் தவறுனா ஏரோப்ளேன்ல அனுப்பி, அந்த ஆர்டர்ல வந்த லாபத்தோட போன வருஷ லாபத்தையும் சேர்த்துக் குடுத்துட்டு உங்கப்பன் ரத்தக்கொதிப்பு மாத்திரை போடறான். இந்த வண்டியில ஆமையைப் பூட்டறேங்கறயே கண்ணு.

பார்ஜ் நல்லா ஓடற எடம் இல்லாம இல்லை. கொச்சிக்கு நம்ம சரக்கும் போகுதே, அங்க பாரு. வல்லார்பாடம் டெர்மினல் பக்கம் போல்காட்டிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் நடுவால லாரியையே கன்டெய்னரோட மேல ஏத்திக்கிட்டு பார்ஜ் ஓடுச்சு. பட்டணத்து நெரிசலைச் சுத்தாம குறுக்கால போறது. உத்யோகமண்டல் கால்வாய் 23 கிலோமீட்டர், கரையிலயே ஃபாக்ட் உரக் கம்பெனி. துறைமுகத்துல ஏத்துனா கம்பெனி வாசல்லயே எறக்கலாம், நடுவால லாரி சோலியே இல்லை. தெனமும் ஒரே சரக்கு, ஒரே வழி, கனம் எச்சு. உன்ற திட்டத்துல பெட்டி திருப்பூர்ல லாரியில ஏறி, பவானியில எறங்கி, பார்ஜ்ல ஏறி, கடலோரத்துல எறங்கி, மறுக்கா ஏறுது. ஒவ்வொரு ஏத்து எறக்குக்கும் கிரேன்காரன் கூலி கேப்பான், அந்தக் காசுலயே லாரி தூத்துக்குடி போயிட்டு வந்துரும்.

நம்ம தமிழ்நாட்டுலயே சரக்குக்குன்னு ஓடுன கால்வாய் இல்லையான்னு கேப்பே. பக்கிங்காம் கால்வாய். 1806-ல ஆரம்பிச்சு, 1876-78 பஞ்சத்துல பட்டினி கெடந்த சனங்களை வெச்சுப் பட்டணத்துக்குள்ள இணைப்பு வெட்டுனாங்க. விறகும் உப்பும் சென்னைக்கு அதுலதான் வந்துச்சு. விறகும் உப்பும்! பாத்தயா, அங்கயும் அவசரமில்லாத சரக்குதான். இப்ப அதுக்குள்ள பறக்கும் ரயில் தூண் நிக்குது.

எந்திரிக்காதே, இன்னும் முடிக்கல. கோவிச்சுக்கிட்டா போறே? திட்டம் போட்டது தப்பில்லை. நம்ம ஊட்டுல யாராச்சும் ஒருத்தன் லாரி வாடகைக்கு அக்கட்ட யோசிக்கறானேன்னு எனக்குச் சந்தோசந்தான். உன்ற 42 பக்கத்துல 31-ஆம் பக்கம் மட்டும் நல்ல பக்கம். எந்தப் பெட்டி எங்க நிக்குது, எப்ப ஏறும், எத்தனை மணிக்கு எந்த மேடை காலின்னு ஒரு கட்டம் போட்டிருக்கறே பாரு, அது. அந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சு எடுத்துக்கிட்டுப் போய் உங்க கம்பெனி கட்டிங் டேபிள் மேல ஒட்டு. சாயப்பட்டறையில இருந்து எந்த ரோல் எப்ப வருது, கம்பாக்டிங்ல யாருக்கு எத்தனை மணிக்கு முறை, பிரிண்டிங்ல எந்த லாட்டு. ஒத்தைப்படை மதகு, ரெட்டைப்படை மதகு. ஆறு மாசம் அந்த முறை தவறாம ஓட்டிக் காட்டு. ஒரு ஷிப்மென்ட்டுகூட ஏர்ல போகாம இருந்தா, அந்த மிச்சக் காசுல உங்கப்பனே உனக்கு பார்ஜ் வாங்கித் தருவான். வாங்குனா, சாம்பல் ஏத்து, கல்லு ஏத்து. பனியன் ஏத்தாதே.

பார்ஜ் ஓட்டறவன்கிட்டப் பேசோணும்னா தூத்துக்குடிக்கு ஒரு நடை போயிட்டு வா. பழைய துறைமுகத்துல தோணி இன்னும் கெடக்குது, மாலத்தீவுக்கெல்லாம் சாமான் ஏத்திக்கிட்டுப் போகுது. காத்துக் காலத்துல போகாது, அதையும் விசாரிச்சுக்கோ. எங்க தண்டலு இருக்கமாட்டாரு. அவரு பேரன் யாராச்சும் இருந்தா, சுண்ணாம்புக் கோடு எங்க போடறதுன்னு கேளு. லேப்டாப்பை வெளிய எடுக்காதே, உப்புக்காத்து அதுக்கு ஆகாது.

சரி, நேரமாச்சு. காருக்குப் போறயா? பின்சீட்டு காலியாத்தான கெடக்குது? தெக்கால கட்டுத்தரையில 60 தேங்கா உரிச்சு சாக்குல கட்டி வெச்சிருக்கறேன். திருப்பூருக்கு வெறும் வண்டி ஓட்டிக்கிட்டுப் போகாதே, ஏத்து.